வில்லி லோமனை வகுப்பில் எழுதவைப்பது எப்படி?

துன்பியல் நாடகம் நடத்தி முடித்ததும் நம் கல்லூரிகளில் வழக்கமாகக் கொடுக்கும் அசைன்மென்ட் ஒன்றுதான்: கதாநாயகனின் பாத்திரப் படைப்பை விவரி. வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது தாள்கள் வரும். முதல் பத்தியில் அரிஸ்டாட்டில், அடுத்ததில் நாயகனின் குறை, அதற்கடுத்து வீழ்ச்சி, கடைசியில் இரக்கமும் அச்சமும். எல்லாமே கைடிலிருந்தோ செல்போன் செயலியிலிருந்தோ இறங்கியவை. திருத்துகிறவருக்கு அலுப்பு. எழுதியவருக்கோ நாடகத்தின் ஒரு காட்சிகூட மனத்தில் நிற்பதில்லை.

ஆங்கில ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்கள், கௌரவ விரிவுரையாளராக வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவர்கள், நேர்காணலில் டெமோ வகுப்பு எடுக்கத் தயாராகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இலக்கியத் தாளில் அடிக்கடி வைக்கப்படுகிற நாடகம் இது. மேலும், இதன் நாயகன் அரசனோ தளபதியோ இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கிறவர். படித்து முடித்ததும் வேலை தேடிப் போகப்போகிற பிள்ளைகள் முன்னால் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான துன்பியல் நாடகம் எனக்குத் தெரியவில்லை.

நான் வலியுறுத்துவது இதுதான். துன்பியல் பாத்திரத்தைப் பற்றி எழுது என்றால் மாணவர் தீர்ப்பு எழுதிவிடுவார். அந்தப் பாத்திரம் ஒரு முடிவை எடுக்கிற இடத்தில் அவரை நிறுத்தி, அங்கிருந்து எழுது என்றால், வேறு வழியில்லாமல் நாடகத்தைத் திறந்து படிப்பார். பயிற்சி எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: புத்தகத்தைத் திறக்காமல் இதை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் அந்தப் பயிற்சியைக் கைவிட்டுவிடுங்கள்.

பின்னணிக்கு ஒரு பீரியட் போதும். நாடகம் நியூயார்க்கின் மொரோஸ்கோ தியேட்டரில் 1949 பிப்ரவரி 10 அன்று அரங்கேறியது. எலியா கஸான் இயக்கினார். 63 வயது வில்லி லோமனாக நடித்த லீ ஜே. காப்புக்கு அப்போது வயது 37. 742 முறை நடந்தது, அந்த ஆண்டின் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அரங்கேறிய அதே மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார். துன்பியலுக்கு அரச குலத்து நாயகன்தான் வேண்டும் என்பதில்லை, தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள உயிரையே கொடுக்கத் துணிகிற சாதாரண மனிதனும் அதற்கு உரியவனே என்பது அதன் சாரம். வில்லி துன்பியல் நாயகனா இல்லையா என்ற தேர்வுக் கேள்வி இந்த விவாதத்திலிருந்து வந்ததுதான். அந்தக் கேள்வியை முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். கீழே வரும் பயிற்சிகள் முடிந்தபின் கொடுத்தால் பதிலில் மாணவரின் சொந்த மூளை தெரியும்.

கணக்கிலிருந்து தொடங்குங்கள்

முதல் பயிற்சிக்கு இலக்கியச் சொல் எதுவும் தேவையில்லை. ஒரு பென்சிலும் கூட்டல் கழித்தலும் போதும்.

முதல் அங்கத்தில் பழைய நாளொன்று வில்லியின் நினைவில் ஓடுகிறது. பயணம் முடிந்து வீடு திரும்பிய வில்லி, பிராவிடன்ஸ் நகரில் 500, பாஸ்டனில் 700 என்று விற்றதாகப் பெருமையடிக்கிறார். மனைவி லிண்டா பென்சிலை எடுத்துக் கமிஷன் 212 டாலர் என்று கணக்குப் போட்டுவிடுகிறார். உடனே வில்லி இறங்கத் தொடங்குகிறார். பிராவிடன்ஸில் 180 என்கிறார், பிறகு மொத்தப் பயணத்துக்குமே ஏறக்குறைய 200தான் என்கிறார். கமிஷன் எழுபது டாலரும் சில்லறையும் ஆகிறது. லிண்டா முகம் சுளிப்பதில்லை. அதுவே நல்ல தொகைதான் என்று சொல்லிவிட்டுக் கடன் பட்டியலைப் படிக்கிறார்: ஃபிரிட்ஜுக்கு 16, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 9.60, வாக்குவம் கிளீனருக்கு 3.50, கூரை வேலையில் பாக்கி 21, காரின் கார்புரேட்டரைச் சரிசெய்தவருக்கு 3.50. இதர செலவுகளையும் சேர்த்துப் பதினைந்தாம் தேதிக்குள் 120 டாலர் வேண்டும்.

இந்த ஒரு பக்கத்தை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு லோமன் வீட்டின் அந்த மாதக் கணக்கை, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதச் சொல்லுங்கள். கீழே நான்கு வரியில் ஒரு குறிப்பு: எந்த எண்ணில் வில்லி பொய் சொல்கிறார், எந்த இடத்தில் அதை விட்டுவிடுகிறார், லிண்டாவுக்கு அது எப்போது தெரிகிறது?

பெயர் சொல்லப்பட்ட செலவுகளைக் கூட்டினால் 53.60 தான் வரும். மீதி 66.40 பெயரில்லாத இதர செலவு. அது என்ன என்று ஒரு மாணவர் கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி. இன்னொன்றும் உண்டு. 1,200க்கு 212 என்ற விகிதமும் 200க்கு 70 என்ற விகிதமும் பொருந்தவில்லை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை யாராவது இதைப் பிடிப்பார். இது மில்லர் கவனிக்காமல் விட்டதா, லிண்டா கணவருக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரா? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். கூட்டிச் சொல்கிறார் என்று வாதாடி ஒரு பத்தி, ஆசிரியர் கவனிக்கவில்லை என்று வாதாடி ஒரு பத்தி எழுதட்டும். இலக்கியத்துக்கு வராத பிள்ளைகள் என்று நாம் ஒதுக்கி வைத்தவர்கள் இந்தப் பயிற்சியில் முன்வரிசைக்கு வருவதைப் பார்க்கலாம்.

இதே போல இன்னொரு சின்னப் பயிற்சி. கணவர் அந்தக் கம்பெனியில் 36 ஆண்டுகள் உழைத்தார் என்று லிண்டா மகன்களிடம் சொல்கிறார். வில்லியோ முதலாளியிடம் 34 என்கிறார். யார் சொல்வது சரி, ஏன் இந்த வேறுபாடு என்று அரைப் பக்கம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆதாரம் காட்டி எழுதுவது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஹோவர்டின் அறை

நேரம் குறைவு, ஒரே ஒரு காட்சியைத்தான் எழுதவைக்க முடியும் என்றால் இரண்டாம் அங்கத்தில் வில்லி முதலாளி ஹோவர்டைப் பார்க்கப் போகும் காட்சியை எடுங்கள். டெமோ வகுப்புக்கும் இதையே பரிந்துரைப்பேன். காட்சி சின்னது, இருவர் மட்டுமே, மேசை ஒன்று. கதை தெரியாதவருக்கும் பிடிபடும்.

வில்லி கேட்க வந்தது ஒன்றே ஒன்று: இனி ஊர் சுற்ற முடியவில்லை, நியூயார்க்கிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். ஹோவர்ட் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டிக்கொண்டிருக்கிறான். மகள் விசிலடிப்பதையும், மகன் மாநிலத் தலைநகரங்களை அகர வரிசையில் ஒப்பிப்பதையும் கேட்டாக வேண்டும். வில்லி வாயைத் திறக்கும்போதெல்லாம் கருவி குறுக்கே வருகிறது. ஒருவழியாகப் பேச்சுக்கு வந்ததும் வாரம் 65 டாலர் என்று தொடங்குகிறார். இடமில்லை என்கிறான் ஹோவர்ட். 50 என்று இறங்குகிறார். பிறகு 40. ஹோவர்டுக்குப் பெயர் வைக்கும்போது அவன் அப்பா தன்னிடம் யோசனை கேட்டதை நினைவுபடுத்துகிறார். கடைசியில் பேரம் சம்பளத்தைப் பற்றியதாக இல்லாமல் போய்விடுகிறது. கம்பெனியின் பெயரில் இனி நீங்கள் எங்கும் போக வேண்டாம், நீண்ட நாளாகவே சொல்ல நினைத்திருந்தேன் என்று முடிக்கிறான். அதற்குச் சற்று முன், ஹோவர்ட் வெளியே போன நேரத்தில் வில்லியின் கை பட்டுக் கருவி ஓடத் தொடங்குகிறது. சிறுவனின் குரல் ஊர்ப் பெயர்களாக அடுக்கிக்கொண்டே போக, நிறுத்தத் தெரியாமல் கிழவர் அலறுகிறார்.

இதில் மூன்று கட்டமாக எழுதவையுங்கள்.

முதலில், ஹோவர்டின் நிலையில் இருந்து வில்லிக்கு அனுப்பும் பணிநீக்கக் கடிதம். கம்பெனித் தாளில் தட்டச்சான கடிதம்போல, தேதி, பொருள், பணிக்காலம், ஒப்படைக்க வேண்டிய மாதிரிச் சரக்கு எல்லாவற்றோடும் எழுத வேண்டும். அலுவல் நடையைக் கற்பிக்க இது நல்ல வாய்ப்பு. மாணவர்கள் நாளை எழுதப்போகிற, வாங்கப்போகிற கடிதங்களின் நடை இதுதான். ஹோவர்டை வில்லனாக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவனுக்கும் அவன் பக்கத்து நியாயம் இருக்கிறது: விற்பனை இல்லை, ஆள் பாஸ்டன்வரைகூடப் போக முடியாமல் பாதியில் திரும்பி வருகிறார். அந்த நியாயத்தை முழு மனத்தோடு எழுதினால்தான் காட்சியின் கொடுமை புரியும்.

அடுத்து, கடிதத்தையும் காட்சியையும் பக்கத்தில் வைத்து, அறையில் நடந்ததில் எவையெல்லாம் கடிதத்தில் வரவில்லை என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். பெயர் வைத்த கதை வராது. 65, 50, 40 வராது. ஒலிப்பதிவுக் கருவி வரவே வராது. இந்தப் பட்டியல்தான் நாடகம் என்பதை மாணவர்களே சொல்வார்கள். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வில்லி எந்த வாக்கியத்தில் தோற்றார் என்று ஒரு பத்தி. 65 என்று ஆரம்பித்ததா, குறைத்ததா, பழைய உறவைச் சொல்லிக் கெஞ்சியதா, குரல் உயர்த்தியதா? சம்பளப் பேச்சு என்றால் என்ன என்பதை வேலைக்குப் போகாத பிள்ளைகள் இங்கே முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறார்கள். பேச்சு சூடு பிடித்துக்கொள்ளும். தாராளமாக விடுங்கள், ஆனால் பேசி முடித்ததும் எழுதியே ஆக வேண்டும்.

இந்தக் காட்சி நம் ஊரில் எடுபடுமா என்று தயங்க வேண்டாம். 1983-இல் மில்லரே பெய்ஜிங்குக்குப் போய், மக்கள் கலை அரங்கத்தின் நடிகர்களைக் கொண்டு சீன மொழியில் இந்த நாடகத்தை இயக்கினார். யிங் ரோசெங் என்ற நடிகர் மொழிபெயர்த்து, வில்லியாக நடிக்கவும் செய்தார். ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி என்ற வேலையே அப்போது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை. நமக்கோ அந்தச் சிக்கல்கூட இல்லை. எந்த டாக்டரின் கிளினிக்கிலும் தோல்பையோடு காத்திருக்கும் மெடிக்கல் ரெப்பை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். விருப்பமுள்ள மாணவர்களை விற்பனைத் துறையில் இருக்கும் ஒருவரிடம் பேசி வரச் சொல்லுங்கள். டார்கெட் எப்படி வைக்கிறார்கள், எட்டவில்லை என்றால் என்ன ஆகும், வயதான பிறகு எங்கே போகிறார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். ஆளின் பெயர், கம்பெனியின் பெயர் இரண்டும் எழுத்தில் வரக் கூடாது. அந்த ஒரு பக்கத்தை ஹோவர்ட் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

முரண்களைப் பிடித்தல்

வில்லியின் பேச்சில் ஒரு தனித்தன்மை உண்டு. மகன் பிஃப் சோம்பேறி என்பார். சில வரிகளுக்குள்ளேயே, பிஃபிடம் இல்லாத ஒன்று சோம்பல் என்பார். தன் செவர்லே காரைப் போல உலகில் கார் கிடையாது என்பார், கொஞ்ச நேரத்தில் அந்தக் காரைத் தயாரிப்பதையே தடை செய்ய வேண்டும் என்பார். முதல் அங்கத்தை நான்கு பகுதியாகப் பிரித்து நான்கு குழுக்களுக்குக் கொடுத்து, இப்படிப்பட்ட இணைகளைத் தேடி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் இணைக்கும் கீழே ஒரே வரி: இரண்டு பேச்சுக்கும் நடுவில் என்ன நடந்தது? அந்த வரிதான் பயிற்சி. முரணைக் கண்டுபிடிப்பது எளிது, நடுவில் நடந்ததைச் சொல்வதற்கு நாடகம் தெரிய வேண்டும்.

பாத்திரப் படைப்பு விடையில் எல்லோரும் எழுதுகிற ‘வில்லி கனவுலகில் வாழ்கிறார்’ என்ற வாக்கியத்தை இந்தப் பயிற்சிக்குப் பிறகு யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும், எந்தக் கனவு, எந்தப் பக்கத்தில் என்று கேட்க உங்களுக்கு உரிமை வந்துவிடும்.

சார்லி கொடுத்த வேலை

துன்பியல் என்பது என்ன என்று வரையறை இல்லாமல் விளக்க வேண்டுமானால் இதற்கு நிகரான இடம் இந்த நாடகத்தில் இல்லை. வேலை போன கையோடு வில்லி பக்கத்து வீட்டுக்காரர் சார்லியின் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே சார்லியின் மகன் பெர்னார்ட் இருக்கிறான். பள்ளி நாளில் பிஃபுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஓடி வந்த, வில்லி வீட்டில் யாரும் மதிக்காத பையன். இன்று வழக்கறிஞர். உச்ச நீதிமன்றத்தில் வாதாட வாஷிங்டன் கிளம்பிக்கொண்டிருக்கிறான், அதைத் தன் வாயால் சொல்லவும் இல்லை. அவன் போனதும் சார்லி வில்லியிடம் வாரம் 50 டாலருக்கு ஒரு வேலை தருகிறேன் என்கிறார். பயணம் கிடையாது. காலையில் 40 டாலருக்குக் கெஞ்சியவர் வேண்டாம் என்கிறார். காப்பீட்டுக்குக் கட்டக் கடன் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

பயிற்சி: வில்லி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறார். அடுத்த திங்கட்கிழமை காலை, சார்லியின் அலுவலகம். இரண்டு பக்கம் உரையாடல் எழுதுங்கள். ஒரே நிபந்தனை, வில்லி வில்லியாகவே பேச வேண்டும். அதுவரை அவர் எப்படிப் பேசினாரோ அதே வீறாப்பு, அதே பொய், சார்லியிடம் காட்டுகிற அதே எரிச்சல்.

முதலில் எல்லோரும் உற்சாகமாகத் தொடங்குவார்கள். மங்களமாக முடிக்கலாம் என்று நினைப்பார்கள். முதல் பக்கம் தாண்டும்முன் பேனா நிற்கும். நிபந்தனையை மீறாமல் வில்லியை அந்த நாற்காலியில் உட்காரவைக்க முடியவில்லை என்பது தெரியவரும். என் வகுப்பில் ஒரு மாணவி எழுதியதைச் சொல்கிறேன். அவள் எழுதிய காட்சியில் வில்லி சரியான நேரத்துக்கு வருகிறார், கோட்டைக் கழற்றி மாட்டுகிறார், உட்காருகிறார். பத்து நிமிடத்துக்குள், இந்த மேசை ஆடுகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார். தரையில் மண்டியிட்டு, ஓர் அட்டையை மடித்துக் கால் அடியில் கொடுத்துச் சரிசெய்கிறார். சார்லி வந்து பார்க்கும்போது அலுவலகத்தின் எல்லா மேசைகளையும் சரிசெய்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து நிற்கிறார், கோப்புகளை மட்டும் தொடவில்லை.

அந்த மாணவி விமர்சனப் புத்தகம் எதையும் படிக்கவில்லை. ஆனால் நாடகத்தின் கடைசிப் பகுதியில், கல்லறை அருகில் நின்று மகனும் சார்லியும் பேசுவது இதைத்தான்: சிமென்ட் மூட்டை ஒன்று கையில் கிடைத்தால் வில்லி மகிழ்ச்சியான மனிதர். வீட்டு முகப்புப் படியில் அவர் போட்ட உழைப்பு, வாழ்நாள் முழுக்க அவர் செய்த விற்பனையைவிடப் பெரியது. தன் கைகளுக்கு ஏற்ற வேலையை விட்டுவிட்டு, எல்லோரும் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் போனவர் அவர். எழுதிப் பார்த்தபோது அது அவளுக்குத் தானாகக் கிடைத்தது.

வேலையை ஏற்காததற்குக் காரணம் அகந்தை என்று எழுதிவிட்டு நகரும் மாணவர்களை விடாதீர்கள். பொறாமை என்கிறார் சார்லி. மானம் என்று சொல்ல இடமுண்டு. சார்லியிடம் சம்பளம் வாங்கினால், தன் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகும் என்றும் சொல்லலாம். மூன்றில் எது என்று ஒவ்வொருவரும் பக்க எண்ணோடு எழுதட்டும்.

இரண்டு சாவுச் செய்திகள்

இது விரைவாக முடிக்கக்கூடிய பயிற்சி. வில்லிக்கு வாழ்க்கை லட்சியமாக இருந்தவர் டேவ் சிங்கிள்மன். 84 வயதிலும் ஹோட்டல் அறையில் பச்சை வெல்வெட் செருப்போடு உட்கார்ந்து தொலைபேசியிலேயே வியாபாரம் பார்த்தவர், பாஸ்டனுக்குப் போகும் ரயிலில் இறந்தவர், இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கணக்கான விற்பனையாளர்களும் வாங்குவோரும் வந்தனர் என்பதெல்லாம் வில்லி சொல்லித்தான் நமக்குத் தெரியும். வில்லியின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் ஐந்து பேர்: மனைவி, இரண்டு மகன்கள், சார்லி, பெர்னார்ட். செய்தித்தாளுக்கு நூறு சொல்லில் இரண்டு இரங்கல் குறிப்புகள் எழுதட்டும். சிங்கிள்மனுக்கான குறிப்பில், உறுதிப்படுத்த முடிந்த செய்தி எது, வில்லியின் வாய்ச்சொல் எது என்று அடிக்கோடிட வேண்டும். இதழியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

செய்யக் கூடாதவை

இதில் சமரசம் இல்லை. வில்லியின் முடிவு தற்கொலை. காப்பீட்டுப் பணம் 20,000 டாலர் மகனுக்குக் கிடைக்கும் என்ற நினைப்பில் காரை எடுத்துக்கொண்டு போகிறார். ஆகவே வில்லியின் கடைசிக் கடிதத்தை எழுது, கடைசி இரவின் நாட்குறிப்பை எழுது என்று எந்த வகுப்பிலும் கேட்கக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பயிற்சிகளில் இப்படிப்பட்டவை இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை ஒருவர் அந்த மனநிலைக்குள் புகுந்து, அந்த முடிவுக்கான நியாயங்களைத் தன் சொல்லில் அழகாகக் கோக்க வேண்டிய அவசியம் எந்தப் பாடத்துக்கும் இல்லை. அவருடைய வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பகுதியை எழுதவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இருப்பவர்களின் பக்கம் திருப்புங்கள். ஆபத்தைச் சுட்டும் அறிகுறிகளை லிண்டா முன்பே பார்த்துவிட்டார், மகன்களிடமும் சொல்கிறார். ஆனால் கணவரிடம் நேராகக் கேட்டால் அவரை அவமானப்படுத்தியதாகிவிடும் என்று தயங்குகிறார். யார் யாரிடம் என்ன கேட்டிருக்கலாம், எந்தக் காட்சியில், எந்தச் சொற்களில் என்று எழுதட்டும். அதுவே உண்மையான இலக்கியப் பயிற்சி, உயிருக்கும் உதவக்கூடியது. நாடகத்தைத் தொடங்கும் நாளிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள், வகுப்பை விட்டு எழுந்து போக அனுமதி உண்டு என்பதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதற்குமான டெலி மானஸ் 14416 ஆகிய இரண்டு எண்களையும் பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். எழுத்தில் கவலை தருகிற எதையாவது கண்டால் மதிப்பெண் போடுவதற்கு முன் அந்த மாணவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள், துறைத்தலைவரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ அன்றைக்கே தெரிவியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உன் தந்தையை வில்லியோடு ஒப்பிடு என்ற தலைப்பு வேண்டாம். வேலை இழந்த, கடனில் மூழ்கிய தகப்பன்மார் நம் வகுப்பறைகளின் பின்னால் நிறையவே இருக்கிறார்கள். பிள்ளைகள் தாமாக எழுத விரும்பினால் எழுதட்டும், அதை உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள்.

அறுபது தாளும் ஒரு ஆசிரியரும்

இத்தனையும் திருத்த நேரம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. எந்தப் பயிற்சியும் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வகுப்பிலேயே, தாளில், கையால் எழுத வேண்டும். முதலில் பக்கத்து மாணவரோடு மாற்றிக்கொண்டு இரண்டே கேள்விகளை அவர்கள் பார்க்கட்டும்: நாடகத்தின் எந்தப் பக்கத்துக்கு இது கொண்டுபோகிறது, இந்தப் பாத்திரம் சொல்லவே சொல்லாத வாக்கியம் ஏதாவது இருக்கிறதா? அதன் பிறகு உங்கள் கைக்கு வருவதில் பாதி வேலை முடிந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் பத்துத் தாள்களை மட்டும் வரிவரியாகப் படித்துக் குறிப்பெழுதுங்கள், மற்றவற்றுக்கு மதிப்பெண் மட்டும். பருவம் முடிவதற்குள் எல்லோருடைய தாளும் ஒருமுறையாவது உங்கள் முழுக் கவனத்தைப் பெற்றுவிடும்.

மதிப்பெண் ஐந்து என்றால் மூன்றை நாடகத்திலிருந்து காட்டும் ஆதாரத்துக்கும், ஒன்றைப் பாத்திரத்தின் குரலுக்கும், ஒன்றை மொழிக்கும் கொடுங்கள். இந்தப் பங்கீட்டை முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. அக மதிப்பீட்டுப் பதிவேட்டில் ஏற்றவும் எளிது.

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் முதல் வரைவைத் தமிழில் எழுத விடுங்கள். ஹோவர்டிடம் வில்லி கெஞ்சுவதை மதுரைத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ எழுதிப் பார்த்த பிள்ளை, பிறகு ஆங்கிலத்துக்கு வரும்போது சொல்ல ஏதோ வைத்துக்கொண்டு வருகிறது. ஆங்கிலம் தடுமாறும். பரவாயில்லை, அதைத் திருத்துவதற்குத்தான் நாம் இருக்கிறோம். சொல்ல ஒன்றுமில்லாத ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் வீண் வேலை.

வேறு நாடகம் நடத்துகிறீர்கள் என்றாலும் வழி இதுதான். ‘மக்பெத்’ என்றால் முதல் அங்கத்தின் ஏழாம் காட்சிக்குப் போங்கள். இனி இதில் இறங்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னவன் அதே காட்சி முடிவதற்குள் கொலைக்குச் சம்மதித்துவிடுகிறான். எந்த வரியில் திரும்புகிறான் என்பதே பயிற்சி. ‘ஆன்டிகனி’ என்றால் தொடக்கத்தில் சகோதரி இஸ்மேனியோடு நடக்கும் பேச்சு. இஸ்மேனி சம்மதித்திருந்தால் என்ற ஒரு பக்கம் எழுதவையுங்கள்.

இந்தப் பருவத்தில் உங்கள் சிலபஸில் வில்லி லோமன் இருந்தால், அடுத்த வாரத்தின் இரண்டு பீரியடுகளை ஹோவர்ட் காட்சிக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் பீரியடில் காட்சியை இரண்டு மாணவர்கள் நின்று படிக்கட்டும், இரண்டாவதில் எல்லோரும் கடிதம் எழுதட்டும். நோட்ஸ் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.